எலி வளை வீடு

10.6.87, புதன்

சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. கொத்தனார் பச்சமுத்து சாரத்தின் மேல் நின்றபடி, வெண்டிலேட்டர் எத்தனை வைக்கட்டும் என்று கேட்டார். அறைக்கு இரண்டு என்றேன் நான். கீழே செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இவர் நிமிராமலே, "படுக்குற ரூமுக்கு ஒண்ணும் வேணாம், மூடிக் கட்டு" என்றார். பச்சமுத்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இறங்கி பீடி பற்றவைக்கப் போய்விட்டார். பிழைக்கத் தெரிந்த மனிதர்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். பதினெட்டு வருடத்தில் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. டைரியில் எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? வீரமுத்து. எழுதியதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சண்டைக்குக் காரணம் இதுதான். இவருக்கு இளைப்பு. ஐப்பசி பிறந்தால் பாயில் படுக்க முடியாது, மூச்சு அடைத்துக்கொள்ளும். பருத்திக்கொட்டை மூட்டை ஒன்றைச் சுவரோரம் நிறுத்தி அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். மாசி பிறந்த பிறகுதான் அந்த மூட்டையைப் பிரித்து மாட்டுக்கு ஊறவைப்போம். வருடத்தில் நாலு மாதம் என் புருஷன் உட்கார்ந்தே தூங்குகிறார். வாடைக்காற்று உள்ளே வருவதால் இளைப்பு என்பது இவர் கட்சி. அடுப்புப் புகை வெளியே போகாததால் இளைப்பு என்பது என் கட்சி.

நான் ஒன்றும் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. மாசி மாதம் கள்ளக்குறிச்சியில் எங்களைப் போன்ற பால்வாடி டீச்சர்களுக்கெல்லாம் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். சூடான காற்று மேலேதான் ஏறும், அதற்கு உச்சியில் வழி விடுங்கள் என்று ஒரு மேடம் கரும்பலகையில் வீடு வரைந்தே காட்டினார். அதைச் சொன்னால் இவர், "அந்த மேடம் வூட்டுக்காரருக்கு இளைப்பு இருக்குதா?" என்கிறார். இந்த மாதிரி ஆளோடு என்ன பேசுவது?

13.6.87, சனி

இன்னும் முடிவாகவில்லை. குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன். அவரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்துவிட்டார். இரண்டு பேருக்கும் ரோஷம்.

21.6.87, ஞாயிறு

எலவனாசூர்கோட்டைக்குப் போய் சாதுல்லா பாய் கடையில் வெண்டிலேட்டருக்கு ஜாலிக்கல் பார்த்து வந்தேன். பூ போட்டது, கட்டம் போட்டது, சாய்ப்பு வைத்தது. சாய்ப்பு வைத்தது நல்லது, மழைச்சாரல் உள்ளே அடிக்காது என்றார் பாய். அவர் வீட்டம்மா மெஹ்ராஜ் பேகம் டீ கொடுத்து உட்காரச் சொன்னாள். எங்கள் சண்டையைச் சொன்னேன். பாய் சிரித்த சிரிப்பில் கல்லாப்பெட்டி ஆடியது.

"ஆனி மாசம் ஜாலி வாங்க வர்றவங்களே கார்த்திகையில அதை மூடறதுக்கு அட்டை கேட்டு வராங்கம்மா. ரெண்டையும் நான்தான் விக்கிறேன். எனக்கு இன்னா நஷ்டம்?"

மெஹ்ராஜ் மட்டும் குரலைத் தாழ்த்தி, பாயே படுக்கிற அறை ஜாலியில் ஜனவரி மாதம் கோணிச் சாக்கு செருகுகிறவர்தான் என்றாள். ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுதான் போல.

24.6.87, புதன்

படுக்கிற அறைக்கு ஒரே ஒரு வெண்டிலேட்டர் வைக்கச் சம்மதித்துவிட்டார். இவ்வளவு சுலபமாக இறங்கி வருகிற ஆள் கிடையாதே. பிறகு அடைத்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். போடட்டும்.

28.6.87, ஞாயிறு

இன்று தளம் போட்டாயிற்று. எங்கள் கூரை வீடு போய் மெத்தை வீடு.

விடிந்ததும் சித்தாட்கள் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். காங்கிரீட் வேலை ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் ஒட்டு விட்டுப் போகும், அதில் தண்ணீர் இறங்கும். அந்த நேரத்தில் யாருக்கும் வாக்குவாதம் செய்ய நேரம் இருக்காது என்று எனக்குத் தெரியும். பாண்டு பாண்டாகக் கலவை மேலே போய்க்கொண்டிருக்கும்போது நானும் ஒரு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறினேன். அடி உடைத்த பானை. அடுப்பு வரப்போகிற இடத்துக்கு நேர் மேலே பலகையில் கவிழ்த்து வைத்து, உள்ளே கலவை இறங்காமல் மணலை நிரப்பினேன். பச்சமுத்து அதைச் சுற்றிக் கம்பியை வளைத்துவிட்டார்.

இவர் பார்த்துவிட்டார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "ஊரெல்லாம் ஒழுவாத வூடு கட்டணும்னு தவிக்குது, நீ மெத்தை கட்டி அதுல ஓட்டை போடறியா?" என்றார். கலவை காய்கிறது, வழி விடுங்கள் என்றேன். விட்டார்.

பழைய கூரை வீட்டில் புகையைப் பற்றி நினைத்ததே இல்லை. கூரை முழுக்கவே கசிந்து போகும். காலையில் வெளியே நின்று பார்த்தால் வீடே பீடி பிடிக்கிற மாதிரி இருக்கும். மெத்தை அப்படி இல்லை. நாம் வழி விட்டால்தான் வழி.

29.6.87, திங்கள்

இடுப்பு வலி. பானை தூக்கியதால் என்று அவரிடம் சொல்ல மாட்டேன்.

27.8.87, வியாழன்

குடி வந்துவிட்டோம். எங்கள் மகன் சுபாஷும் கள்ளக்குறிச்சி ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தான். பிள்ளை பிளஸ் டூ. ஆள் இன்னும் மெலிந்திருக்கிறான்.

புது அடுப்பில் பால் பொங்கியது. கதவு ஜன்னல் எல்லாம் விரியத் திறந்திருக்க, புகை ஒரு கயிறு மாதிரி நேராக ஏறிப் பானை ஓட்டை வழியாகப் போயிற்று. மேலே நாலு செங்கல் கால் வைத்து ஒரு கல் மூடி போட்டிருக்கிறார் பச்சமுத்து, மழையும் விழாது. வந்த பெண்டுகள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் ஒன்றும் தெரியாத மாதிரி நின்றேன். இவர் மட்டும் பார்க்கவில்லை. பாயசம் இன்னொரு தம்ளர் கேட்டார்.

சாயங்காலம் பாத்திரம் கழுவுகிற மூலையில் ஒரு எலி. தண்ணீர் வெளியே போகிற சலதாரை ஓட்டை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். இவருடைய கிழிந்த வேட்டி ஒன்றைச் சுருட்டி ஓட்டையை இறுக அடைத்துவிட்டேன். கழுவும்போது எடுத்துவிட்டு மறுபடி அடைத்தால் போதும். புது வீட்டில் எலிக்கு இடம் கொடுக்கிறதா?

6.9.87, ஞாயிறு

பிடித்துவிட்டேன்! படுக்கிற அறை வெண்டிலேட்டரில் அவருடைய இன்னொரு கிழிந்த வேட்டி. ஸ்டூல் போட்டு ஏறி உருவினேன். "ராத்திரி சில்லுனு வந்துது" என்றார். ஆவணியில் என்ன சில்? அதை அவர் தோளிலேயே போட்டு, குளிர்ந்தால் இதைப் போர்த்திக்கொள்ளுங்கள் என்றேன். சிரித்துவிட்டார். சிரித்தால் கொஞ்சம் இருமல் வருகிறது. இன்னும் ஐப்பசிகூட வரவில்லை.

13.9.87, ஞாயிறு

வருகிற வியாழக்கிழமை முதல் ஒரு வாரம் சாலை மறியல். எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு. ஊரில் நாலு நாளாக இதே பேச்சு. ரோட்டில் வெட்டிச் சாய்க்க ரோட்டோர மரங்களை எல்லாம் குறி போட்டு வைத்திருக்கிறார்களாம். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியப்பன் வந்து இவரையும் கூப்பிட்டார்.

இந்த மூச்சை வைத்துக்கொண்டு ரோட்டில் போய் உட்கார வேண்டுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சுபாஷு நல்லா படிக்கிறான் நாயகி. அடுத்த வருசம் காலேஜ் சீட்டுக்கு நிப்பான். அன்னிக்கி நான் வூட்ல குந்திகினு இருந்தேன்னு அவன் கிட்ட சொல்ல முடியாது" என்றார்.

17.9.87, வியாழன்

புளிய மரங்கள் விழுகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்கிறது. பஸ் இல்லை. பால்வாடி இல்லை. இவர் போயிருக்கிறார். தோளில் துண்டு, சட்டைப் பையில் இரண்டே இரண்டு மாத்திரை.

19.9.87, சனி

சுபாஷிடமிருந்து தகவல் ஒன்றும் இல்லை. ஹாஸ்டலில் சோறு போடுவார்களா? மேற்கே கல்வராயன் மலை கறுத்துக்கிடக்கிறது. மழை வரும். இவர் இரண்டு நாளாக ரோட்டில்தான். மாத்திரை தீர்ந்துவிட்டது என்று இன்று சொல்கிறார், நேற்றே தீர்ந்திருக்கும்.

21.9.87, திங்கள்

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

நல்ல மழை. மத்தியானத்துக்கு மேல் போலீஸ் வருகிறது என்று ஊரெல்லாம் கத்தல். மரம் கிடப்பதால் ஜீப் வர முடியாது, நடந்தே வருகிறார்களாம். ஆண்பிள்ளைகள் எல்லாம் கரும்புக் கொல்லைக்குள் ஓடினார்கள். கொளஞ்சியப்பன் இவரைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்து எங்கள் பின்வாசலில் விட்டார். "அண்ணனால ஓட முடியல அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரும் ஓடினார்.

முழுக்க நனைந்திருந்தார். நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது, பேச்சு வரவில்லை. உதடு நீலம் பாரித்த மாதிரி தெரிந்தது எனக்கு. முன்கதவு, பின்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் தாழ் போட்டேன். அடுப்பங்கரையில் உட்காரவைத்துத் துடைத்தேன். ஓமமும் துளசியும் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் கொஞ்சம் இறங்கும், எப்போதும் அதுதான். அடுப்பைப் பற்றவைத்தேன். விறகு ஈரம்.

புகை வந்தது. சரி, மேலே பானை ஓட்டை இருக்கிறது, உச்சியில் ஜாலி இருக்கிறது, போய்விடும் என்று ஊதினேன். போகவில்லை. கொஞ்சம் மேலே ஏறியது, ஏறினது அப்படியே கீழே இறங்கியது. இன்னும் ஊதினேன். அடுப்பங்கரை முழுக்கப் புகை. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. இருமக்கூட அவரால் முடியவில்லை, விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும்.

ஐயோ, நான்தான் கொன்னுட்டேனா? மேல வழி விட்டேனே, மெத்தைய ஓட்டை போட்டேனே, ஏன் போவ மாட்டேங்குது? கதவைத் திறக்கலாம் என்று எழுந்தேன். தெருவில் பூட்ஸ் சத்தம். கை தாழ்ப்பாள் மேலே இருக்கிறது, திறக்கவும் பயம், திறக்காமல் இருக்கவும் பயம். அந்த நிமிஷம் மாதிரி ஒரு நிமிஷம் என் எதிரிக்கும் வேண்டாம்.

அவர் என் புடவையைப் பிடித்து இழுத்தார். சலதாரை மூலையைக் காட்டினார். வாந்தி வருகிறது என்று நினைத்துத் தலையைத் தாங்கப் போனேன். இல்லை என்று கையால் தள்ளினார். தவழ்ந்தே போனார். நான் அடைத்து வைத்திருந்த வேட்டிச் சுருளைப் பிடித்து இழுத்தார். முதலில் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வந்தது.

தரையோடு சில்லென்று ஒரு காற்று என் கால்மேல் ஓடியது. அடுப்பு தானாகவே குப்பென்று பிடித்துக்கொண்டது. புகை அசைந்தது, சுழன்றது, பானை ஓட்டைக்குள் மளமளவென்று ஏறிப் போயிற்று. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் அந்த ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே படுத்துக் கிடந்தார். கழுவுகிற மூலை, ஈரத்தரை, அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

பூட்ஸ் சத்தம் போய்விட்டது. யாரும் கதவைத் தட்டவில்லை.

ஓட்டையை அடைத்தது நான். என் கை. அவர் வெண்டிலேட்டரை அடைக்கிறார் என்று ஸ்டூல் போட்டு ஏறி ஏறி உருவினேனே, கீழே நான் அடைத்தது எனக்கே தெரியவில்லை.

22.9.87, செவ்வாய்

சாதுல்லா பாய் எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்தார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாராம். அவர் தம்பி மெடிக்கல் கடையைப் பின்பக்கமாகத் திறக்கச் சொல்லி இளைப்பு மாத்திரை வாங்கி வந்திருந்தார். இரண்டு மைலில் பதினோரு மரம், ஒவ்வொன்றுக்கும் சைக்கிளைத் தூக்கித் தாண்டியிருக்கிறார். இந்தத் தொப்பையோடு! வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மோர் கொடுத்தேன். மாத்திரைக்கு எவ்வளவு என்று நான் கேட்டதைக் காதில் வாங்காத மாதிரியே போய்விட்டார்.

24.9.87, வியாழன்

மறியல் முடிந்தது. பஸ் ஓடுகிறது. சுபாஷ் ஒரு கார்டு போட்டிருக்கிறான், சௌக்கியம், சோற்றுக்குக் குறைவில்லை என்று. அப்பாவைப் பற்றி அவனுக்கு எழுதவில்லை. வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

4.10.87, ஞாயிறு

இன்று நன்றாகப் பேசுகிறார். நான் இரண்டு வாரமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். அந்த ஓட்டையைத் திறந்தால் புகை போகும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

"எலி ஊதறது பாத்ததில்ல நீ?" என்றார்.

எனக்குத் தெரியும், வயலில் வளைக்குள் இருக்கிற எலியைப் பிடிக்க, பானையில் வைக்கோல் போட்டுப் பற்றவைத்து, வளை வாயில் வைத்து, பானை அடியில் இருக்கிற ஓட்டை வழியாக ஊதுவார்கள். சின்ன வயதிலிருந்து அவர் செய்கிற வேலை.

"வளைக்கு ஒரே ஒரு வாய்தான் தொறந்திருக்குதுன்னு வையி. நீ எத்தினி ஊதினாலும் பொகை உள்ள போவாது, உன் மூஞ்சிலயே திரும்பி அடிக்கும். அந்தாண்ட வரப்புல இன்னொரு வாயைத் தேடிக் கண்டுபுடிச்சி தொறந்து வுட்டாத்தான் சரசரன்னு ஓடும். அன்னிக்கி பொகை என் மூஞ்சில வந்து அடிச்சிது பாரு, அப்பதான் தோணிச்சி. நம்ம வூடு ஒத்த வாய் வளை."

அடைத்தது நான்தான் என்றேன். சொல்லியே ஆக வேண்டும் என்று இருந்தது. உங்களைக் கொன்றிருப்பேன் என்றேன்.

"நான் மேல அடைச்சேன், நீ கீழ அடைச்சே. ரெண்டு பேரும் என் வேட்டியிலதான் அடைச்சோம். வேட்டிதான் குத்தவாளி" என்றார்.

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நிம்மதியாக அழக்கூட முடியாது.

11.10.87, ஞாயிறு

பச்சமுத்து உளியோடு வந்தார். இவர் கரித்துண்டை எடுத்துச் சுவரிலேயே கோடு போட்டார். அடுப்பங்கரையில் தரையிலிருந்து ஒரு சாண் மேலே ஒரு ஓட்டை, படுக்கிற அறையில் கிழக்குச் சுவரில் கீழே ஒன்று, அதற்கு எதிர்ச்சுவரில் உச்சியில் ஏற்கெனவே இருக்கிற வெண்டிலேட்டர். கீழே நுழைந்து மேலே போகணும் என்று கையால் காற்றை ஓட்டிக் காட்டினார். காற்றுக்கு வரப்பு கட்டி வாய்க்கால் வெட்டுகிறவர் மாதிரி.

புதுச் சுவரை உடைக்க பச்சமுத்துக்கு மனமே இல்லை. குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்றார். எலியும் பாம்பும் வராமல் இருக்கச் சின்னக் கண் கம்பிவலை இரண்டு மடிப்பு வைத்து ஆணி அடித்தோம். வலையை சாதுல்லா பாய் கடையில் வாங்கினேன். கார்த்திகையில் அட்டை கேட்டு வர மாட்டீர்களே என்றார். மாட்டேன் என்றேன்.

கொளஞ்சியப்பன் வந்து பார்த்துவிட்டு, எலிக்கு வாசல் வைத்து வீடு கட்டினது உலகத்திலேயே நீங்கதான் அண்ணா என்று சிரித்தார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பெயர் இனி எலி வளை வீடு. இதைவிட மோசமான பெயரெல்லாம் வீடுகளுக்கு இருக்கிறது.

18.10.87, ஞாயிறு

ஐப்பசி பிறந்துவிட்டது. பருத்திக்கொட்டை மூட்டை சுவரோரம் வந்தாயிற்று. அவரே இழுத்து வந்து நிறுத்தினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

7.11.87, சனி

வெள்ளிமலையில் இரண்டு நாள் பயிற்சி. பஸ்ஸில் மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டியது. மழை விட்டு வெயில் அடித்ததால் மலை பளிச்சென்று இருந்தது.

ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். நடுவில் அடுப்பு, மேலே பரணில் சாமைக் கதிர், புகை இருக்கிறது, ஆனால் கண் எரியவில்லை. அண்ணாந்து பார்த்தேன். சுவர் கூரையைத் தொடவே இல்லை! சுற்றிலும் ஒரு முழம் இடைவெளி. கதவும் தரைக்கு மேல் நாலு விரல் தூக்கியே வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரம்மாவிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்து, பின்னே வூட்டுக்கு மூச்சு வேணாமா என்று கேட்டாள்.

கூடவே வந்த பால்வாடி டீச்சர் ரங்கம்மாளிடம் எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, இதைத்தானே அந்த மேடம் கள்ளக்குறிச்சியில் மூன்றாம் நாள் சொல்லிக்கொடுத்தார், மேலே வழி விட்டால் கீழேயும் வழி விடணும், இல்லையென்றால் எதுவும் நகராது என்று, நீதான் கடைசி பஸ் போய்விடும் என்று பாதியில் ஓடினாயே என்றாள்.

பாதிப் பாடத்தைக் கேட்டுவிட்டு முழு வீட்டையும் ஆட்டி வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஏன் ஓடினேன் என்பதும் நினைவு வந்தது. மாசிப் பனியில் இவருக்கு இருமல் ஜாஸ்தி, தனியாக இருக்கிறாரே என்று ஓடினேன்.

8.11.87, ஞாயிறு

வீட்டுக்கு வந்ததும் முதலில் அண்ணாந்து வெண்டிலேட்டரைத்தான் பார்த்தேன். துணி இல்லை. குனிந்து பார்த்தேன். கீழேயும் இல்லை. "செக்கிங்கா டீச்சரம்மா?" என்றார் மூட்டையில் சாய்ந்தபடி. மூன்றாம் நாள் பாடத்தைப் பற்றி இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவார்.

30.11.87, திங்கள்

மூன்று நாளாக அடைமழை. வாடை எலும்பில் ஏறுகிறது. இன்று காலையிலிருந்து அவருக்கு மறுபடி இளைப்பு. மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விடுகிறார்.

எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. எல்லாம் சும்மா, எலி வளையும் வேண்டாம் மலை வீடும் வேண்டாம், குளிர் காற்றால்தான் இவருக்கு இது வருகிறது, இவர் சொன்னதுதான் முதலிலிருந்தே சரி. என்னால்தான், என்னுடைய பிடிவாதம்தான். ஸ்டூலைப் போட்டேன். அதே பழைய வேட்டியை எடுத்துக்கொண்டு ஏறினேன். வெண்டிலேட்டரில் செருகக் கையைத் தூக்கிவிட்டேன்.

"எறங்கு" என்றார்.

கண்ணைத் திறக்கவில்லை. குளிர் உள்ளே வருகிறதே என்றேன்.

"வரட்டும். போர்வை ஒண்ணு எடுத்துப் போடு. காத்தை மூடாத." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார், "அன்னிக்கி அந்தச் சலதாரையில மூஞ்சிய வச்சிகினு கெடந்தேனே, உள்ள போன மூச்சு எனக்குத் தெரியும். நீ எறங்கு நாயகி, வுழுந்து வைக்காத."

இறங்கினேன். போர்வையைப் போட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டுக்கொண்டு இருந்தேன். இந்த மனுசன் இல்லன்னா எனக்கு ஒண்ணும் வேணாம், வூடும் வேணாம். இதை வாயால் சொல்லவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

2.12.87, புதன்

இறங்கிவிட்டது. மூன்றே நாள். போன வருடம் இதே கார்த்திகையில் பதினாறு நாள். போன வருட டைரியை எடுத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

17.12.87, வியாழன்

மார்கழி பிறந்து இரண்டு நாள். ஜாலியில் ஒரு அணில் உட்கார்ந்து உள்ளே எங்களை வேடிக்கை பார்க்கிறது. மூட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

3.1.88, ஞாயிறு

செவலைப் பசு கன்று ஈன்றது. கிடாரி. சீம்பால் எடுத்து மெஹ்ராஜ் வீட்டுக்கும் கொளஞ்சியப்பன் வீட்டுக்கும் அனுப்பினேன். ஈன்ற மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அரைத்துக் கொடுத்தால்தான் பால் கூடும். கோட்டையில் இந்த வாரம் வரத்து இல்லையாம். வீட்டில் இருப்பது அந்த ஒரு மூட்டைதான், அதைத் தொட முடியாது. தவிடு வைத்துச் சமாளிக்கிறேன். செவலை என்னைப் பார்த்துக் குறைபட்டுக்கொள்கிறது.

10.1.88, ஞாயிறு

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோம். சுண்ணாம்பு வாசனையில் இவர் இருக்கக்கூடாது, வெளியே போங்கள் என்று விரட்டினேன். போகும்போது மூட்டையையும் இழுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்தார். சாக்கில் அவர் தலை பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை, இந்த வருடம் கறை சின்னதாகத்தான் இருக்கிறது.

மத்தியானத்துக்குள் படுக்கிற அறை முடிந்துவிட்டது. கீழ் ஓட்டையும் மேல் ஜாலியும் திறந்திருந்ததால் சாயங்காலத்துக்குள் சுவர் காய்ந்து வாசனையும் போய்விட்டது. பாயை விரித்துவிட்டு, மூட்டையை உள்ளே கொண்டுவரலாம் என்று வாசலுக்குப் போனேன்.

வாசலில் மூட்டை இல்லை. தொழுவத்தில் இருந்தது. வாய்க்கட்டை அவிழ்த்து, அவர் குனிந்து குனிந்து இரண்டு கையாலும் பருத்திக்கொட்டையை அள்ளித் தொட்டியில் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

மாசி பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, ராத்திரி எதில் சாய்ந்து தூங்குவீர்கள் என்றேன்.

"அதுக்கு பசிக்குது" என்றார்.